“அது அங்க இருக்குடா”

எங்க ஊர் கண்ணமங்கலம். வேலூரிலிருந்து ஆரணிக்குப் போகிற வழியில், ஜவ்வாது மலைப் பக்கம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்துக்குப் போவது புதுசு இல்லை. பக்கத்தில் கம்மவான்பேட்டைன்னு ஒரு கிராமம் இருக்கு. வீட்டுக்கு ஒருத்தராவது ராணுவத்தில் இருப்பதால் அதை ‘ராணுவப்பேட்டை’ன்னே சொல்வாங்க. எங்க பெரியப்பாவும் அப்படிப் போனவர்தான். ஹவில்தாராக ரிட்டயர் ஆனார்.

லீவு முடிந்து கிளம்பும்போது அவர்கிட்ட ஒரு கறுப்பு டிரங்க் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், பெரியம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு டப்பா, அவ்வளவுதான் இருக்கும். காட்பாடியில் ரயில் ஏறுவார். நான் ரெண்டாவது படிக்கும்போது “பெரியப்பா, உங்க துப்பாக்கி எங்க?” என்று கேட்டேனாம். “அது அங்க இருக்குடா” என்று சிரித்தாராம்.

இந்த ‘அங்க இருக்கு’ என்ற பதிலுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய விஷயம் இருக்குன்னு எனக்குப் புரிந்தது இந்த வருஷம்தான். லாஜிஸ்டிக்ஸ் எலெக்டிவ் பேப்பருக்காக ஒரு செமினார் எடுக்க வேண்டியிருந்தது. தலைப்பு தேடும்போது கண்ணில் பட்டது ஒரு விசித்திரமான கப்பல் வகை. சரக்கு ஏற்றியிருக்கும், ஆனா எங்கேயும் டெலிவரி பண்ணப் போகாது. டேங்க், லாரி, குண்டு, சாப்பாடு, மருந்து, எரிபொருள் எல்லாவற்றையும் வயிற்றில் வைத்துக்கொண்டு மாசக்கணக்கா, வருஷக்கணக்கா ஏதோ ஒரு தூரத்துத் தீவின் பக்கத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சண்டை வந்தால் மட்டும் நகரும். வராவிட்டால் பராமரிப்புக்குப் போய்விட்டு மறுபடி வந்து நிற்கும். அமெரிக்கக் கடற்படை இதை ப்ரீபொசிஷனிங் என்கிறது. நம்ம பாஷையில் சொன்னால், முன்கூட்டியே கொண்டுபோய் வைப்பது.

கல்யாண மண்டபத்தை நினைச்சுக்கோங்க. சமையல் மாஸ்டர் வேலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். கையில் ஒரு மஞ்சப்பை, அதில் ரெண்டு கரண்டி, ஒரு துண்டு. அண்டா, குண்டான், இட்லிப் பானை, கேஸ் அடுப்பு எல்லாம் மண்டப ஸ்டோர் ரூமில் ஏற்கெனவே இருக்கும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. இந்தக் கப்பலும் அந்த ஸ்டோர் ரூம்தான். மிதக்கிற ஸ்டோர் ரூம். சிப்பாய் விமானத்தில் சும்மா வந்து இறங்குவார், அண்டா அங்கே அவருக்காகக் காத்திருக்கும்.

விமானத்திலேயே ஏற்றிவிட்டால் என்ன?

செமினாரில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். அமெரிக்காவிடம் இல்லாத விமானமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவங்க ஆப்ரம்ஸ் டேங்க் ஒன்று 60 டன்னுக்கு மேல். சி-17 விமானம் அதிகபட்சமாகத் தூக்கக்கூடியது சுமார் 77 டன். ஆக ஒரு விமானத்துக்கு ஒரே ஒரு டேங்க். 50 டேங்க் வேண்டும்னா 50 பயணம். அது டேங்க் மட்டும். அதற்கான டீசல், குண்டு, ரிப்பேர் வண்டி, தண்ணி லாரி, சிப்பாய்க்கு ஒரு மாசச் சாப்பாடு என்று சேர்த்துக்கிட்டே போனால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

இப்போ கப்பலைப் பாருங்க. அமெரிக்கத் தரைப்படைச் சாமான்களைச் சுமக்கிற வாட்சன் வகைக் கப்பலின் நீளம் சுமார் 290 மீட்டர். உள்ளே வண்டி நிறுத்தும் பரப்பு 3,80,000 சதுர அடிக்கு மேல். நம்ம ஊர் மனைக்கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடின்னா, கிட்டத்தட்ட 158 கிரவுண்டு. ஒரு நகர் போட்டுப் பேர் வைத்து பிளாட் விற்கலாம். அந்தப் பரப்பு முழுக்க மாடி மாடியாக வண்டிகள். வேகம் 24 நாட், அதாவது மணிக்கு 44 கிலோமீட்டர். ஆரணி டவுன் பஸ் வேகம்தான். ஆனா இது டீக்கடையில் நிற்காது. ராத்திரி பகல் ஓடினால் ஒரு நாளைக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

அப்போ அமெரிக்காவிலேயே ஏற்றித் தயாரா வெச்சுக்கிட்டு, சண்டை வந்ததும் கிளம்பினால் போதாதா? அங்கேதான் தூரம் வருகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து சூயஸ் வழியாக வளைகுடாவுக்கு 8,000 கடல் மைலுக்கு மேல். 17 நாட் வேகத்தில் போனால் சுமார் 3 வாரம். அதுவும் துறைமுகத்தில் ஏற்றும் நாட்களைச் சேர்க்காமல். அதே சரக்கு இந்தியப் பெருங்கடலின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தால் தூரம் சுமார் 2,600 கடல் மைல். ஆறரை நாள்.

மூன்று வாரத்தை ஒரு வாரமாகக் குறைக்கத்தான் இவ்வளவு செலவு, இவ்வளவு கப்பல், கூடவே நான் பின்னால் சொல்லப்போகிற ஒரு தீவின் கதை.

ஸ்கூட்டியை ரெண்டு மாசம் எடுக்காம விட்டுப் பாருங்க

என்னை ரொம்ப இழுத்தது இந்தப் பகுதிதான். ஹாஸ்டலுக்குப் போகும்போது வண்டியை வீட்டில் விட்டுட்டுப் போறோம். செமஸ்டர் லீவில் வந்து பார்த்தால் பேட்டரி டவுன், டயரில் காற்று இல்லை, செயின் துரு. வீட்டுக்குள்ளேயே இப்படின்னா, கடலுக்கு நடுவில், உப்புக் காற்றில், பூமத்திய ரேகைப் பக்கத்து வெயிலில், ஆயிரக்கணக்கான வண்டிகளை வருஷக்கணக்கில் வைத்துவிட்டு, ‘கிளம்பு’ன்னு சொன்ன நிமிஷம் எல்லாமே ஸ்டார்ட் ஆகணும்.

இதற்கு முதல் வேலை ஈரத்தை எடுப்பது. இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனோடு ஈரமும் வேண்டும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் பாதிக்குக் கீழே இறங்கினால் துருப்பிடிக்கிற வேகம் நன்றாகக் குறைந்துவிடும். அதனால் சரக்கு அறைகளில் ஈரம் நீக்கும் எந்திரங்கள் விடாமல் ஓடிக்கிட்டே இருக்கும். கப்பலோடு ஒரு பராமரிப்புக் குழுவும் உண்டு. வண்டிகளை ஸ்டார்ட் செய்து பார்ப்பது, பேட்டரி, ஆயில் கசிவு, ரப்பர் சீல்களைச் சோதிப்பது இவர்கள் வேலை. (பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, “வண்டியை ஓட்டாம ஸ்டார்ட் மட்டும் பண்ணா பத்தாதுடா, அசையணும்” என்றார். சரிதான். ஆனா அசைய இடம் இல்லை. ஒவ்வொரு வண்டியும் பக்கத்து வண்டியிலிருந்து சில அங்குலத் தூரத்தில், தரையோடு சங்கிலி போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அலையில் ஒரு 60 டன் டேங்க் நழுவினால் என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.)

அதனால்தான் சுமார் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கப்பலும் அமெரிக்காவுக்கே திரும்பிப் போகிறது. மரீன் படையின் சாமான் என்றால் ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில் பக்கத்தில் உள்ள பிளவுன்ட் தீவுக்கு. அங்கே மொத்தத்தையும் இறக்கி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பழசை மாற்றி, மறுபடி ஏற்றுவாங்க. வண்டிக்கு எஃப்.சி. காட்டுகிற மாதிரி. இதன் அர்த்தம், எந்த நேரத்திலும் ஒன்றிரண்டு கப்பல் வேலையில் இருக்காது.

ஏற்றும் வரிசையும் சாதாரண விஷயம் இல்லை. பஸ் டிக்கியில் முதலில் வைத்த பை கடைசியில்தான் வெளியே வரும். இங்கேயும் அதேதான். முதலில் தேவைப்படுவது எதுவோ அதைக் கடைசியில் ஏற்றணும். ஆனா முதலில் எது தேவைப்படும் என்பது என்ன மாதிரி சண்டை என்பதைப் பொறுத்தது. அது ஏற்றும்போது யாருக்கும் தெரியாது. அதனால் எதையும் ஒரே கப்பலில் குவிக்காமல், எல்லாக் கப்பலிலும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிற மாதிரி பரப்பி வைக்கிறாங்க. ஒரு கப்பல் வராமல் போனாலும் மற்ற கப்பல்களை வைத்துச் சமாளிக்கலாம்.

இறக்குவதற்குக் கப்பலின் பின்பக்கத்தில் சாய்தளம் இருக்கும். துறைமுகத்தில் கட்டியதும் அதைத் திறந்தால் வண்டிகள் தானாகவே ஓடி இறங்கும். துறைமுகமே இல்லாத இடம் என்றால், கப்பலிலேயே எடுத்துப்போகும் மிதவைத் துண்டுகளைக் கோத்துக் கரைக்குக் கொண்டுபோகணும். 1980-களில் கட்டிய கப்பல்களுக்கு வைத்த இலக்கு: துறையில் என்றால் 3 நாள், கரைக்கு எட்ட நங்கூரம் போட்டு என்றால் 5 நாள். அதுவும் கடல் அமைதியா இருந்தால். மழைக்கால அலையில் மிதவை மேல் டேங்க் ஓட்ட யாருக்கும் தைரியம் வராது.

ஒரு செனட்டர் போட்ட முட்டுக்கட்டை

இந்த யோசனை 1960-களிலேயே வந்துவிட்டது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் மெக்னமாரா, இந்த வேலைக்கென்றே முப்பது கப்பல் கட்ட வேண்டும் என்று பணம் கேட்டார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். 1967-இல் செனட்டின் ராணுவக் குழுத் தலைவர் ரிச்சர்ட் ரஸ்ஸல் அதைத் தடுத்தார். அவர் சமாதானவாதி எல்லாம் இல்லை. ராணுவத்துக்கு நிறையப் பணம் ஒதுக்கியவர்தான். அவர் வாதம் எளிமையானது: எங்கே வேண்டுமானாலும் சுலபமாகப் போகலாம் என்ற வசதி கையில் இருந்தால், நாம் எப்பவும் எங்கேயாவது போய்க்கிட்டே இருப்போம்.

செமினாரில் இந்த ஸ்லைடுக்கு ஹெச்.ஓ.டி. “டெக்னிக்கலா இருந்தா போதும்ப்பா” என்றார். எனக்கென்னவோ இதுதான் மொத்த செமினாரிலும் டெக்னிக்கலான பாயிண்ட். ஒரு சிஸ்டத்தில் உராய்வைக் குறைத்தால் அது அதிகம் ஓடும், அவ்வளவுதானே!

அப்போது நின்ற திட்டம் பன்னிரண்டு வருஷம் கழித்து உயிர் பெற்றது. 1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டது. டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. வளைகுடா எண்ணெய் பற்றிய பயம் வந்ததும் செனட்டின் தயக்கம் போய்விட்டது. 1980-இல் கிடைத்த ஏழு கப்பல்களில் சாமான் ஏற்றி அவசர அவசரமாக இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினார்கள். 1980-களின் நடுவில் மரீன் படைக்காக மட்டும் மூன்று அணிகள், மொத்தம் 13 கப்பல்கள். ஒரு அணி என்றால் சுமார் 16,000 பேர் 30 நாள் சண்டை போடத் தேவையானது. மாலுமிகள் சிவிலியன்கள். கப்பல்களே முதலில் தனியார் கம்பெனிகளிடமிருந்து நீண்ட கால வாடகைக்கு எடுத்தவைதான்.

பரீட்சை 1990-இல் வந்தது. ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. முதலில் சவூதியில் இறங்கியது அமெரிக்காவின் 82-ஆவது வான்வழிப் படைப்பிரிவு. விமானத்தில் வந்ததால் கையில் லேசான ஆயுதங்கள்தான். ஈராக்கின் டேங்குகள் எல்லை தாண்டினால் நாங்க வெறும் ஸ்பீடு பிரேக்கர்தான் என்று அவங்களே கிண்டல் பண்ணிக்கிட்டாங்க. ஆகஸ்ட் 15 அன்று நடுக்கடலில் நின்றிருந்த கப்பல்களில் முதல் சில, சவூதியின் ஜுபைல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. கலிஃபோர்னியாவிலிருந்து விமானத்தில் வந்த மரீன்கள் கப்பலிலிருந்து இறங்கிய டேங்குகளில் ஏறினார்கள். மாசக் கடைசிக்குள் ஒரு முழு பிரிகேடு சண்டைக்குத் தயார். பட்டினியாக இருந்த 82-ஆவது பிரிவுக்கும் இந்தக் கப்பல் சாப்பாடுதான் கொஞ்ச நாள் ஓடியது. லாஜிஸ்டிக்ஸ் புத்தகங்கள் இந்தக் கதையை இங்கே சந்தோஷமாக முடித்துவிடும்.

மண்டபம் யாரோடது?

நான் ஊருக்கு வந்திருந்தபோது பெரியப்பாவிடம் இந்த 1990 கதையை அளந்துவிட்டேன். கேட்டுட்டு, “அண்டா எல்லாம் சரி, மண்டபம் யாரோடது?” என்றார்.

நல்ல கேள்வி. கப்பலில் சாமான் வைப்பதன் பெரிய லாபமே, வேறொரு நாட்டு அரசிடம் அனுமதி கேட்க வேண்டாம் என்பதுதான். தரையில் கிடங்கு போட்டால் அந்த நாட்டில் ஆட்சி மாறும், ஜனங்க போராட்டம் பண்ணுவாங்க, ‘எங்க மண்ணிலிருந்து அந்தப் போருக்குப் போகக்கூடாது’ன்னு சொல்லுவாங்க. கடலில் நிற்கிற கப்பலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனா எந்தக் கப்பலும் திறந்த கடலில் வருஷக்கணக்கில் நிற்க முடியாது. அலை அடிக்காத ஆழமான ஒரு குளம் வேண்டும், பக்கத்தில் விமான ஓடுதளம் வேண்டும், எரிபொருள் வேண்டும். கேள்வி கேட்க ஜனங்களும் இருக்கக்கூடாது.

அப்படி ஒரு இடம் கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டரில் இருக்கு. பேர் டியேகோ கார்சியா. சாகோஸ் தீவுக்கூட்டத்தில் பெரியது. பவளத்தீவு. மேப்பில் பார்த்தால் வளைத்துவைத்த கயிறு மாதிரி, நடுவில் பெரிய உப்பங்கழி. நிலப்பரப்பு 30 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. கழி அதைவிடப் பல மடங்கு. நான் சொன்ன கப்பல்கள் நின்றது அந்தக் கழிக்குள்தான்.

‘ஜனங்க இல்லாத இடம்’ன்னு சொன்னேன் இல்லையா, அது அப்படி ஆக்கப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் இந்தியாவிலிருந்து கூலிகளாகப் போனவர்களும் கலந்து, தென்னந்தோப்பில் வேலை செய்து, அஞ்சாறு தலைமுறையாக அங்கே வாழ்ந்தாங்க. 1965-இல் பிரிட்டன் இந்தத் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரித்துத் தனிப் பிரதேசமாக்கியது. 1966-இல் அமெரிக்காவுடன் 50 வருஷ ஒப்பந்தம் போட்டது. அதற்குப் பதிலாக பொலாரிஸ் ஏவுகணை விலையில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி கிடைத்தது. இவர்கள் நிரந்தரக் குடிகள் இல்லை, காண்டிராக்ட் கூலிகள் என்று காட்டுவதுதான் லண்டன் அதிகாரிகளின் திட்டமாக இருந்தது. சாகோஸ் முழுவதிலும் இருந்த சுமார் 1,500 முதல் 2,000 பேர், 1973-க்குள் மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் ஏற்றி அனுப்பப்பட்டாங்க. டியேகோ கார்சியா 1971-லேயே காலி. போவதற்கு முன் அவங்க வளர்த்த நாய்களைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள்.

இதைப் படித்துக் காட்டியபோது பெரியப்பா அதுவரை தலையாட்டிக்கிட்டே கேட்டவர், “நாயையுமா?” என்று நிமிர்ந்தார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

பிறகு வழக்குகள். 2000-இல் லண்டன் உயர் நீதிமன்றம் வெளியேற்றியது சட்டவிரோதம் என்றது. 2004-இல் பிரிட்டிஷ் அரசு ராணியின் ஆணை வழியாகத் திரும்பும் வழியை அடைத்தது. 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்ததே சட்டப்படி சரியில்லை என்று கருத்துச் சொன்னது. 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி தீவுகள் மொரீஷியஸுடையவை, ஆனால் டியேகோ கார்சியா மட்டும் 99 வருஷக் குத்தகைக்கு. ஆக, மண்டபத்து ஓனர் பேர் பட்டாவில் மாறினாலும் ஸ்டோர் ரூம் சாவி கை மாறாது.

இந்தத் தீவுக்கு நம்ம ஆட்களும் போய் மாட்டினாங்க. 2021 அக்டோபரில், தென்னிந்தியக் கரையிலிருந்து கனடாவை நோக்கிக் கிளம்பிய ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலில் பழுதாகி நின்றது. உள்ளே குழந்தைகள் உட்பட 89 இலங்கைத் தமிழர்கள். பிரிட்டிஷ் கடற்படை அவர்களைப் பக்கத்திலிருந்த தீவில் கொண்டுபோய் இறக்கியது. அந்தப் பக்கத்துத் தீவு, டியேகோ கார்சியா. ஜனங்களே இல்லாதபடி ஏற்பாடு செய்யப்பட்ட இடத்தில், அகதி விண்ணப்பம் எப்படி விசாரிப்பது என்பதற்கே நடைமுறை கிடையாது. வேலி போட்ட முகாமில் கூடாரங்கள். உள்ளே எலிகள். மூன்று வருஷம் கழித்து, 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதே மாசம் அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம், அவர்களை அப்படி வைத்திருந்தது சட்டவிரோதக் காவல் என்று தீர்ப்பு சொன்னது.

சிலபஸில் இந்தத் தீவு ஒரு புள்ளி. ‘ஃபார்வர்டு லொகேஷன்’ என்று ஒரு கட்டத்துக்குள் எழுதி அம்புக்குறி போட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் ஸ்லைடு போட்டிருந்தேன்.

காட்டுப்பள்ளிக்கு வந்த கப்பல்

கடைசியா ஒரு உள்ளூர்ச் சமாச்சாரம். 2022 ஆகஸ்ட் 7 அன்று சென்னைக்கு வடக்கே, எண்ணூரைத் தாண்டி இருக்கிற எல் அண்ட் டி-யின் காட்டுப்பள்ளி கப்பல் தளத்துக்கு ஒரு அமெரிக்கக் கடற்படைச் சரக்குக் கப்பல் பழுது பார்க்க வந்தது. பேர் சார்லஸ் ட்ரூ. ஒரு அமெரிக்கக் கடற்படைக் கப்பல் இந்தியாவில் ரிப்பேருக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிடறேன். சார்லஸ் ட்ரூ நின்றுகொண்டே இருக்கிற கப்பல் இல்லை. கடலில் ஓடிக்கொண்டிருக்கும் போர்க்கப்பல்களுக்கு அரிசி பருப்பு முதல் வெடிமருந்து வரை கொண்டுபோய்க் கொடுக்கிற கப்பல். ஆனா அதே டிசைனில் கட்டிய 14 கப்பல்களில் முதல் இரண்டான லூயிஸ் அண்ட் கிளார்க்கும் சகாஜவேயாவும், நான் மேலே சொன்ன முன்கூட்டியே நிறுத்திவைக்கும் வேலைக்குப் போனவை. 210 மீட்டர் நீளம், 20 நாட் வேகம். எஞ்சின் நேராக விசிறியைச் சுற்றாமல், டீசலில் கரண்ட் எடுத்து மோட்டார் ஓட்டுகிற வகை. நம்ம ட்ரிபிள்-இ பசங்களுக்குப் பிடிக்கும்.

பேருக்குப் பின்னாலும் ஒரு பொருத்தம் இருக்கு. சார்லஸ் ட்ரூ ஒரு கறுப்பின அமெரிக்க டாக்டர். ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துச் சேமித்து வைக்கும் முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர். 1940-இல் குண்டுவீச்சில் சிக்கிய பிரிட்டனுக்கு அமெரிக்காவிலிருந்து பிளாஸ்மா அனுப்பிய திட்டத்தை நடத்தியவர் அவர்தான். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே ரத்தம் அங்கே இருக்கணும். அதுவும் முன்கூட்டியே கொண்டுபோய் வைப்பதுதானே.

2023 மார்ச்சில் அதே வகையில் மேத்யூ பெர்ரி வந்தது. அந்த ஜூலையில் சால்வார். அதே மாசம் எல் அண்ட் டி-க்கும் அமெரிக்கக் கடற்படைக்கும் இடையே அஞ்சு வருஷப் பழுதுபார்ப்பு ஒப்பந்தம் ஆனது. பிறகு மசகான் டாக், கொச்சி கப்பல் தளம் என்று வரிசையாக ஒப்பந்தங்கள். 2016 ஆகஸ்டில் இரண்டு நாடுகளும் ஒருவர் தளத்தில் மற்றவர் எரிபொருளும் பொருட்களும் வாங்கிக்கொள்ளலாம் என்று கையெழுத்திட்டதிலிருந்து வந்த வழி இது.

இதே இந்தியாதான் 1971 டிசம்பரில் வங்கப் போரின்போது அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்ததைப் பார்த்துக் கொதித்தது. டியேகோ கார்சியாவில் தளம் கூடாது, இந்தியப் பெருங்கடல் அமைதி மண்டலமாக இருக்கணும் என்று அந்தக் காலம் முழுக்க வாதாடியது. அந்த ஐ.நா. தீர்மானத்தை முதலில் கொண்டுபோனது இலங்கை. ஐம்பது வருஷத்தில் காற்று எப்படித் திரும்பியிருக்கு பாருங்க. சீனா நடுவில் வந்ததும் எல்லாருடைய கணக்கும் மாறிவிட்டது. எனக்கு இதில் ஒரே மாதிரி கருத்து இல்லை. காட்டுப்பள்ளியில் வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் வேலை கிடைப்பது நல்லதுதான். ரிப்பேர் பண்ணிக் கொடுப்பது மட்டும் மெக்கானிக் ஷெட் மாதிரி, வண்டி எங்கே போகிறது என்று நாம் கேட்க வேண்டியதில்லை என்பதை மட்டும் என்னால் ஒத்துக்க முடியவில்லை.

நம்ம கடற்படைக்கும் பெரிய சப்ளை கப்பல்கள் வருகின்றன. 2023 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டுடன் சுமார் 19,000 கோடி ரூபாய்க்கு ஐந்து கப்பலுக்கு ஒப்பந்தம். ஒவ்வொன்றும் 44,000 டன். அதில் இரண்டைக் கட்டும் வேலை காட்டுப்பள்ளிக்கு வந்திருக்கு. இவையும் ஓரிடத்தில் நிற்கிற வகை இல்லை, கூடவே ஓடுகிற வகை. இந்தக் கப்பல்கள் எதை ஏற்றிக்கொண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை முடிவு பண்ணப்போகிற தலைமுறையில் நம்ம பேட்ச் ஆட்களும் சிலர் இருப்பாங்க.

பெரியப்பாவின் டிரங்க் பெட்டி இப்போ பரணில் இருக்கு. அதில் பெரியம்மா பழைய வெங்கலப் பாத்திரங்களைப் போட்டு வைத்திருக்கிறார். பொங்கலுக்கு மட்டும் இறக்குவாங்க.